பெயர் யாருடையது?

வகுப்பறையிலே நன்னூலைக் கற்பிக்கும் ஆசிரியர் பலர் ஐம்பால்களையும் விளக்கி, உதாரணங்களை எழுதுவித்தபின், பேடு பற்றிய சூத்திரத்தை விரைவாகக் கடந்து சென்றுவிடுவதுண்டு. நாமும் அவ்வாறு கடந்து சென்றவர்களே. மாணவர் நகைப்பர் என்ற தயக்கமே அதற்குக் காரணம். ஆயினும் அச்சூத்திரத்தின் முன் சற்று நின்று சிந்திப்பது தகும். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்று வகுக்கிறார் பவணந்தியார். இங்கே ஒருவரின் அவாவே இலக்கணத்துக்கு அளவுகோலாகிறது. ஆனால் அதே சூத்திரத்தின் இறுதியில், இவ்விரு சாராரும் அஃறிணையை ஒத்து வரவும் இடமளிக்கப்படுகிறது. ஒரு மனிதரின் விருப்பத்தை மதித்த இலக்கணம், அடுத்த கணமே அவரை 'அது' என்று சுட்டவும் வழி திறந்துவிடுகிறது.

இம்முரண்பாடு இலக்கண ஆசிரியர் ஒருவரது முரண்பாடு மட்டுமன்று. நம் சமுதாயத்தின் முரண்பாடுமாகும். ஒருவர் தம்மை ஆண் என்றோ, பெண் என்றோ, இரண்டுமல்லர் என்றோ உணரும்போது, அவ்வுணர்வுக்குப் பெயரிடும் உரிமை யாருக்கு உரியது? இதுவே நம்முன் உள்ள கேள்வி.

பெயரிடுதல் நெடுங்காலமாக ஆள்வோரின் கருவியாகவே இருந்து வந்துள்ளது. பிரித்தானிய ஏகாதிபத்தியம் 1871இல் இந்தியாவிலே கொண்டுவந்த குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, 'அலிகள்' என்று தான் வகைப்படுத்தியோரின் பெயர்களையும் வதிவிடங்களையும் பதிவேட்டில் ஏற்றப் பணித்தது. பதிவேட்டில் ஏறியவர் பெண்ணுடையில் பொதுவிடத்திலே தோன்றுவதும் குற்றமாக்கப்பட்டது. அரசு பதிவேட்டினால் செய்ததைத் தெரு வசையினால் செய்தது. ஓர் எண்ணைக்கூட இழிசொல்லாக்கி ஒருவரைக் கூனிக் குறுகச் செய்ய முடியும் என்பதைத் தமிழ்கூறும் தெருக்கள் யாவும் அறியும்.

இதற்கு எதிராகவே அம்மக்களுக்கு உகந்த பெயர்களைத் தேடும் முயற்சி எழுந்தது. கூவாகத்துத் திருவிழாவோடு ஒட்டிய அரவான் கதையிலிருந்து 'அரவாணி' என்ற சொல் பிறந்தது. 2008இல் தமிழ்நாட்டரசு அமைத்த நலவாரியமும் முதலில் அப்பெயரையே தாங்கியது. ஆனால் ஒருநாள் மணந்து மறுநாள் தாலியறுக்கும் புராணக் கதையோடு தம் வாழ்வு முழுவதும் பிணைக்கப்படுவதைப் பலர் விரும்பவில்லை. 'திருநங்கை' என்ற சொல் பரவியது. பெண்ணாகப் பிறந்தவர் எனப் பதியப்பட்டு ஆணாக வாழ்வோர் அதனுள் அடங்காமையால் 'திருநம்பி' என்ற சொல் வந்தது. இரு சாராரையும் தழுவத் 'திருநர்' வந்தது. 2014இல் இந்திய உச்சநீதிமன்றம், தம் பால்நிலையைத் தாமே தீர்மானித்தல் ஒருவரது உரிமை என்று தீர்ப்பளித்தது. 2022இல் தமிழ்நாட்டரசு, சென்னை உயர்நீதிமன்றத்தின் பணிப்பை அடுத்து, இத்தகைய சொற்களின் அட்டவணையொன்றை வெளியிட்டது.

இங்கே நம் தோழர்கள் சிலர் குறுக்கிட்டு வினவக்கூடும்: 'சோற்றுக்கும் வேலைக்கும் போராடவேண்டிய காலத்தில் பெயருக்கு ஏன் இத்தனை ஆரவாரம்? ஆளுக்கொரு பெயர் என்பது தனிமனிதவாதமன்றோ?' இவ்வினாவை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் நம் நாட்டு வரலாறே இதற்கு விடை கூறும். 'தோட்டக்காட்டான்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் ஏசப்பட்டோர், 1911 முதல் குடிசன மதிப்பீட்டிலே 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்பட்டோர், தம்மை 'மலையகத் தமிழர்' என்று அழைக்கத் தொடங்கியமை வெறும் சொல்லாசையா? இந்த மண்ணிலே எமக்கும் உரிமையுண்டு என்ற பிரகடனம் அது. வடக்கிலே தீண்டாமைக்கு ஆளானோர் 'சிறுபான்மைத் தமிழர்' என்ற பெயரிலே மகாசபை கண்டதும் அத்தகையதே. பெயர் சோற்றுக்குப் பதிலாகாது. ஆனால் இழிபெயரைச் சுமந்தவருக்கு வேலை கேட்கும் வாயே அடைக்கப்படுகிறது. வாடகைக்கு வீடு கேட்கும் கதவும் மூடப்படுகிறது. எனவே பெயருக்கான போராட்டமும் சோற்றுக்கான போராட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

எனினும் இருவகை ஆபத்துகளை நாம் மறத்தலாகாது. முதலாவது, விரும்பி ஏற்ற பெயரும் நாளடைவிற் கூண்டாகலாம். அரவாணி என்ற சொல்லின் கதை அதைத்தானே காட்டுகிறது? இன்று ஒரு பெயரைத் தேர்ந்தவர் நாளை வேறொன்றைத் தேரவும், எப்பெயரையும் ஏலாது தம் சொந்தப் பெயரோடு மட்டும் வாழவும் உரிமையுடையவர். 'நீ யார் என்று இப்போதே சொல்' என வற்புறுத்துவதும் ஒருவகை அதிகாரமே.

இரண்டாவது, தேர்ந்த பெயருக்கு அத்தாட்சி கோரும் அதிகாரம். 2016இல் இலங்கையிலே பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைப் பெற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்தும் வழி பிறந்தது. அது முன்னேற்றமே. ஆயினும் அவ்வழி மனநல மருத்துவரின் அறையினூடாகச் செல்வதாகவும், ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றிலே சென்று முடிவதாகவுமே அமைந்தது. இந்தியாவிலும் 2014இன் தீர்ப்புக்குப் பின் 2019இல் வந்த சட்டம், மாவட்ட நீதவானிடம் சான்றிதழுக்கு விண்ணப்பிக்குமாறு விதித்தது. 'நான் இன்னார்' என்று ஒருவர் கூறுவதை ஏற்க இன்னொருவரின் ஒப்பம் தேவைப்படும்வரை, அப்பெயர் முழுமையாக அவருடையதன்று.

சட்டங்களை மாற்றப் பலர் கூடிப் பாடுபடவேண்டும். அதற்குக் காலமும் வேண்டும். ஆனால் ஆசிரியரின் கையிலே வேறொரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு காலையிலும் நாம் திறக்கும் வகுப்பு இடாப்பிலே, அழைக்கப்படும் பெயரைக் கேட்டு உள்ளம் கூசித் தலைகுனியும் பிள்ளையொன்று இருக்கக்கூடும். அப்பிள்ளையைத் துருவிக் கேள்வி கேட்பது நம் பணியன்று. தானாக வந்து ஒரு பெயரைச் சொன்னால், நகையாது, ஏன் என்று வினவாது, அப்பெயரால் அழைப்பதே நம் பணி. பிறர் நகைத்தால் அதைத் தடுப்பதும் நம் பணியே. ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்துக் காட்டாமல் மதிப்போடு சுட்ட, 'அவர்' என்ற சொல்லைத் தமிழ் நமக்கு எப்போதோ தந்துவிட்டது. இனி நன்னூற் சூத்திரம் வரும்போது அதைத் தாண்டிச் செல்லாதிருப்போம். அதன் முதற்பகுதியை ஏற்று, இறுதிப் பகுதியை ஏன் மறுக்கிறோம் என்பதையும் மாணவருக்கு எடுத்துச் சொல்வோம்.