மான் இந்தப் பக்கம் வந்துச்சா?



போன நவம்பரில் எங்கள் டீம் காலில் அமெரிக்க ஆபீஸ்காரர் ஒருவர் ஸ்கிரீனில் ஒரு போட்டோ போட்டார். கையில் வில், காலடியில் செத்த மான். கைடு வைத்துக்கொண்டு மூணு நாள் வேட்டை ட்ரிப் போயிருக்கிறார். "அடுத்த தடவை மஸில்லோடர் சீசன், யாராவது வந்தா கூட்டிட்டுப் போறேன்" என்றார். எல்லாரும் தம்ஸ் அப் போட்டார்கள். நானும் போட்டேன். அன்றைக்கு சஷ்டி, நான் விரதம்.

அந்த தம்ஸ் அப் ரொம்ப நாள் உறுத்தியது. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் அவர் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இது திருட்டு வேலை இல்லை. வில்லுக்குத் தனி சீசன், பல மாநிலங்களில் மஸில்லோடருக்குத் தனி சீசன், லைசென்ஸ், எத்தனை மான் அடிக்கலாம் என்று கணக்கு, எல்லாம் உண்டு. 1937ல் வந்த பிட்மேன் ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரிப்பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. ஓநாய் இல்லாமல் போன இடங்களில் மான் பெருகித் தோட்டத்தையும் காட்டையும் மேய்ந்து தீர்க்கிறது. அதனால் "பாவிங்க" என்று ஒரே வார்த்தையில் என்னால் முடிக்க முடியவில்லை.

அந்த மஸில்லோடர் என்னவென்று தேடிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அது எங்க ஊர் நாட்டுத் துப்பாக்கி! குழல் வாய் வழியாகக் கருமருந்து போட்டு, ஈயக் குண்டு போட்டு, கம்பியால் இடித்து ஏற்றுவது. ஒரே வெடி, அப்புறம் மறுபடி முதலில் இருந்து. அங்கே அது பழமை விரும்பிகளின் பொழுதுபோக்கு. எங்கள் பென்னாகரம் பக்கம் அதை லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் ஆயுதச் சட்டம், மானைச் சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஜெயில். 2014ல் காவிரி வடக்கு சரணாலயம், சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022ல் காவிரி தெற்கு, சுமார் 686. எங்கள் மாவட்டக் காட்டில் ஒரு பகுதி இப்போது சரணாலயம்தான். அது சரியென்றே நினைக்கிறேன்.

ஆனால் நான் மான்கறி சாப்பிட்டவன். பத்து வயது இருக்கும். பெரியப்பா நிலம் காட்டோரம். ராத்திரி வெடிச் சத்தம் கேட்டது. குண்டு பட்ட மான் விழவில்லை, ஓடிவிட்டது. விடிந்ததும் ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே பெரியப்பா முன்னால் போனார், நான் பின்னால். ஒரு புதர் அடியில் பெண் மான், இன்னும் மூச்சு இருந்தது. பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அது அடங்கும்வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு மதியம் எல்லா வீட்டுக்கும் கறி போனது. ருசியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சில வருடம் கழித்து, ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று ஊருக்குள் அறிவித்தபோது பெரியப்பா துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்.

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம். க்ரூப்பில் இந்தப் பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி. "முருகனே வேடனா வந்தவர், வேட்டை தப்பில்ல" என்று ஒரு கட்சி. "முருகன்னாலே சுத்த சைவம்" என்று இன்னொரு கட்சி. ரெண்டாவது கட்சிக்காரர்கள் திருமுருகாற்றுப்படையைப் படிக்கவும். குன்றில் அவனுக்குக் கிடாய் ரத்தம் கலந்த சோறு படைத்தது அதிலேயே இருக்கிறது. பழசை நமக்கு வசதியாக எடிட் பண்ண முடியாது.

முதல் கட்சிக்கு என் பதில் வேறு. வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருப்பீர்கள். வேடன் வந்து, அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று வள்ளியிடம் கேட்பான். சின்ன வயதில் அது காதல் தந்திரம் என்று சிரித்தேன். யோசித்தால், அந்த மானே கிடையாது. வேடன் வேஷம் போட்ட நம்ம சாமி ஒரு மானையும் அடிக்கவில்லை. கேட்டதோ மான் வயிற்றில் பிறந்தவளிடம்!

ஆனால் அந்தக் கேள்வி நிஜ வேட்டைக்காரனின் கேள்வி. வில் அடித்தால் மான் பெரும்பாலும் அங்கேயே விழாது. அரை மணி பொறுத்து, ரத்தத் தடம் பார்த்துத் தேட வேண்டும். அமெரிக்கக்காரரிடம் பிறகு தனியாகக் கேட்டேன். இருட்டும்வரை டார்ச்சோடு தேடினோம், விட்டுவிட்டு வருவது பெரிய தப்பு என்றார். பெரியப்பாவும் தேடித்தான் போனார். நான்? பெங்களூரில் ஆப்பில் பிரியாணி ஆர்டர் பண்ணுகிறவன். எந்த உயிர், எங்கே, எப்படிப் போனது என்று ஒருநாளும் கேட்டதில்லை. செவ்வாய், சஷ்டி மட்டும் சைவம். அவரைவிட நான் கருணை உள்ளவன் என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

அதற்காக ட்ரிப்புக்குப் போகப் போவதில்லை. பசி இல்லை, காக்க வேண்டிய பயிரும் இல்லை. அந்த நிமிஷத்து த்ரில்லுக்கு ஓர் உயிர் கேட்க எனக்கு மனசு வரவில்லை. வள்ளியும் வேடர் வீட்டுப் பெண்தான், பரண்மேல் நின்று கவண் வீசித் தினையைக் காத்தாள். விரட்டினாள், அவ்வளவுதான்.

இதை பெரியப்பாவிடம் சொன்னால் திட்டுவார். கவணுக்குப் பயப்படும் காட்டுப்பன்றி எது? 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. பெரியப்பா நிலம் அந்த 1 கிலோமீட்டருக்குள். காட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாம் ஸ்டேட்டஸ் வைக்கிறோம், அதற்கான விலையை அவர் கடலைக்காட்டில் கொடுக்கிறார். நஷ்டஈடு ஃபார்ம் நிரப்புவது மட்டும் இன்ஜினியர் என் வேலை.

இந்தத் தைப்பூசத்துக்குக் குமாரசாமிப்பேட்டையில் தேர் பார்க்கக் கூப்பிட்டேன். கடலை நிற்கிறது, வரமாட்டேன் என்றார். நான் மட்டும் போய்விட்டு ராத்திரி அவரோடு பரணில் படுத்தேன். பன்னிரண்டு மணி சுமாருக்குச் சலசலப்பு. டார்ச் அடித்தார். ரெண்டு கண் பச்சையாக மின்னியது. பட்டாசு கையில் இருந்தும் கொளுத்தவில்லை.

"போ சாமி, போ" என்றார். போனது.

ரெண்டு மணிக்கு மறுபடியும் வந்தது.