போதும் என்பதை யார் சொல்வது?

"போதும்" என்னும் சொல்லை நாம் மிக எளிதாக ஆளுகின்றோம். ஆயின், அச்சொல் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் தன்மையே மாறிவிடுகிறது. இதனைப் பழைய கணிப்பொறி ஒன்றைக் கொண்டு சற்றே சிந்திப்போம்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற கடைவீதி. மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் அங்கு வருவோர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "பழைய டெஸ்க்டாப்பில் புதிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் போதுமா?" என்பது. வாணிகக் கேள்வியாகத் தோன்றும் இதனுள் அறக்கேள்வி ஒன்றும் அடங்கியுள்ளது.

மயிலாப்பூரில் ஓர் இல்லத்தை எண்ணிக் கொள்வோம். தந்தை பணி ஓய்வு பெற்றவர். பத்தாண்டுக்கு முன் வாங்கிய கணிப்பொறியில் கடிதம் எழுதுகிறார், மின்கட்டணம் செலுத்துகிறார். மகள் கட்டடக்கலை பயில்கிறாள். அவள் வரையும் கட்டடத்தை முப்பரிமாணத்தில் திருப்பிக் காட்ட இயலாமல் திரை உறைந்து நிற்கிறது. கார்டு வேண்டுமென்று கேட்கிறாள். "எனக்கு இத்தனை ஆண்டுகள் போதுமாக இருந்ததே, உனக்கு மட்டும் ஏன் போதாது?" என்கிறார் தந்தை.

தந்தையின் எளிமை போற்றத்தக்கதே. ஆனால், எழுத்து வேலைக்குச் செயலியோடு இணைந்து வரும் சிறிய வரைகலை வசதியே போதுமானது. முப்பரிமாணப் படத்துக்கோ பல்லாயிரம் புள்ளிகளை ஒரே வேளையில் கணக்கிட வேண்டும். அதற்கென்றே அமைந்தது கிராஃபிக்ஸ் கார்டு. இருவர் வேலையும் வேறு. ஆதலின் இருவர் தேவையும் வேறு. தம் தேவையை முழக்கோலாக்கி மகளின் தேவையை அவர் அளந்துவிட்டார்.

அரபு மொழியில் உள்ளதைக் கொண்டு நிறைவுறுதலைக் "கனாஅத்" என்பர். கொடுக்க வேண்டிய இடத்தில் கையை மூடிக்கொள்வதைப் "புக்ல்" என்பர். 1030-இல் மறைந்த அறிஞர் மிஸ்கவைஹி, ஊதாரித்தனத்துக்கும் கருமித்தனத்துக்கும் இடைப்பட்ட நிலையே ஈகை என வகுத்தார். கனாஅத் ஒருவர் தமக்குத் தாமே விதித்துக் கொள்ளும் ஒழுக்கம். அதனையே அதிகாரம் உடையவர் தம் பொறுப்பில் உள்ளவர்மீது சுமத்துவாராயின், அது பெயர் மாறிப் புக்ல் ஆகிவிடும் என்பது நம் கருத்து.

அவ்வாறாயின், கேட்டதையெல்லாம் வாங்கித் தருவதுதான் நேர்மையா? அதுவும் அன்று. கணிப்பொறியின் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை. தாய்ப்பலகையில் கார்டைச் செருகும் இடம் தரக்கூடிய மின்சாரம் 75 வாட் வரையே. அதனினும் மிகுதியாக உண்ணும் கார்டுக்குத் தனி மின்கம்பி வேண்டும், பழைய எஸ்.எம்.பி.எஸ். அதனைத் தாங்காதெனில் அதையும் மாற்ற வேண்டும். மாற்றிய பின்னும் பழைய செயலி விரைந்து வேலை தராவிடில், விலையுயர்ந்த கார்டு சும்மா காத்திருக்கும். கூடி நடப்போரின் வேகம் மெதுவாக நடப்பவரின் வேகமே அன்றோ? இவ்வாறு ஓர் ஆசை மற்றோர் ஆசையைக் கைப்பிடித்து அழைத்து வருகிறது. இதனை அறியாமல் செலவிடுவதே "இஸ்ராஃப்" எனும் வீண்விரயம்.

ஆகவே மகளும் தன்னையே வினவிக்கொள்ள வேண்டும்: எந்த வேலை நின்றுபோகிறது? அதனைத் தடுப்பது கார்டுதானா, அல்லது நினைவகக் குறைவா? இருக்கும் பெட்டியும் மின்சாரமும் எதனைத் தாங்கும்? 2019-இல் வெளிவந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 போன்ற கார்டுகளில் பல, தனி மின்கம்பி இன்றி அந்த 75 வாட்டுக்குள்ளேயே இயங்குவன. அவளுடைய பாடத்துக்கு அத்தகையது போதுமெனில், அதற்கு மேற்பட்டதைக் கேட்பது தோழியரின் கணிப்பொறியைப் பார்த்து எழுந்த ஆசையாகவே இருக்கும்.

தந்தை மகளருகே அமர்ந்து அவள் வேலையை ஒருமுறை பார்க்கட்டும்; மகளும் செலவுக் கணக்கை முழுமையாக அவர்முன் வைக்கட்டும். பிறர் தேவையைக் கேட்டறியாமல் சொல்லப்படும் "போதும்" நிறைவைத் தராது. தன் தேவையை ஆராயாமல் சொல்லப்படும் "போதாது" என்பதும் முடிவுறாது.