இரத்தப்பழி வராத வீடு



இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம், 8ஆம் வசனத்தை வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று மோசே வழியாக ஆண்டவர் கட்டளையிடுகிறார். சுவர் இல்லாமல் ஒருவர் விழுந்து இறந்தால், அந்த இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். விழுந்தவரை யாரும் தள்ளிவிடவில்லை. இருந்தும் பழி உண்டு. தடுத்திருக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டதற்கும் ஆண்டவர் கணக்குக் கேட்கிறார்.

இந்த வசனத்தை இன்று நம் வாசலில் நிற்கும் பைக்குக்குக் கொண்டுவருகிறேன். கடலூரிலிருந்து சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் பைக்கில் போய்வருகிறவர்கள் நம்மில் பலர். அந்தச் சாலையின் புழுதியும் லாரிப் புகையும் உங்களுக்குத் தெரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவு காற்றையும் வடிகட்டித் தருவது ஏர் ஃபில்டர். அது கிழிந்தால் புழுதி உள்ளே போய் பிஸ்டனும் சிலிண்டரும் தேயும். அடைத்துக்கொண்டால், கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் முழுதாக எரியாமல் கரும்புகை வரும். பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைதான் அதைச் சுவாசிக்கும். ஆகவே ஞாயிறு திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போய் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது நல்ல காரியம், பிறரன்புப் பணியும்கூட.

என்னைக் கலங்க வைப்பது வேறு. ஸ்பான்ஜ் ஃபில்டரைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி அலசும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. சைபருக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடப் பெட்ரோலின் ஆவி தீப்பிடிக்கும். நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்படிவரை போகும். அங்கே அம்மா அடுப்பு பற்றவைக்கிறார்கள். ஒரு சுவிட்சில் எழும் பொறிகூடப் போதும். சகோதரர்களே, இது கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி. பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. இன்ஜின் ஆறட்டும். வண்டியை அடுப்படியிலிருந்து தூரமாக, வெட்டவெளியில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் எந்த வகை ஃபில்டர் என்று வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். ஸ்பான்ஜ் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் முழுக்கக் காயவைத்து, கையேடு சொல்லும் எண்ணெயைத் தடவி, மிச்சத்தைப் பிழிந்துவிடுங்கள். உலர்ந்த காகித ஃபில்டரில் தண்ணீர் படக்கூடாது. மெதுவாகத் தட்டி, குறைந்த அழுத்தக் காற்றை உள்பக்கமிருந்து வெளியே ஊதினால் போதும். பிசுபிசுப்பான எண்ணெய்க் காகிதம் என்றால் துடைக்கவும் ஊதவும் கூடாது. குறித்த கிலோமீட்டரில் புதிது மாற்றுங்கள். காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது அல்ல. ஃபில்டர் இல்லாமல் வண்டியை ஒரு நிமிடம்கூட ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் வந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியின் ஃபில்டர் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அதைத் திறந்து பார்க்காமல் செல்ஃப் அடித்தால், உள்ளே போகும் தண்ணீரை அமுக்க முடியாமல் பிஸ்டனின் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அவர் உழைப்புக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டு மூலையில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைத்திருந்தால், இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் அதை அப்புறப்படுத்துங்கள். சுத்தமாக இருந்தால் இன்ஜின் ஆறியபின் டேங்கில் ஊற்றிவிடலாம். அழுக்கானால் மெக்கானிக் கடையில் ஒப்படையுங்கள். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும்.