பாவம், மறுபடியும் எழுப்பிவிட்டோம்

1931இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் மான்ஸ்டராக நடித்தவரின் பெயர் இருக்காது. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். போரிஸ் கார்லாஃப் என்ற பெயர் படம் முடிந்த பிறகுதான் வரும். இந்தக் கதையைத் தமிழில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள், அந்தக் கேள்விக்குறி உங்கள் வாயிலும் வந்து நிற்கும். ‘அது எழுந்து நடந்துச்சு’ என்பதா, ‘அவன் எழுந்து நடந்தான்’ என்பதா? நான் எப்போதும் ‘அது’வில்தான் தொடங்குவேன். பிறகு, கூரைத் திறப்பு வழியாக வெளிச்சம் விழுகிற இடம் வரும். அந்த உருவம் முகத்தை உயர்த்தி, இரண்டு கைகளையும் மேலே நீட்டி, வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கும். கூரையை மூடியதும் அந்தக் கைகள் கீழே வந்து, ‘எங்கே போச்சு?’ என்று கேட்பதுபோல விரியும். அதற்கு அடுத்த வாக்கியத்தில் நான் ‘அவன்’ என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அஃறிணையிலிருந்து உயர்திணைக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கடைசியில் ஊரே தீப்பந்தங்களோடு துரத்திப் போய், காற்றாலைக்குள் அவனை வைத்துக் கொளுத்தும். கதை கேட்பவர் அந்த இடத்தில் சொல்வார்: ‘ஐயோ பாவம்.’

தமிழில் இது விசித்திரமான சொல். கஷ்டப்படுகிறவரைப் பார்த்தாலும் ‘பாவம்’ என்கிறோம், செய்யக்கூடாததைச் செய்தாலும் ‘பாவம்’ என்கிறோம். கறுப்பு வெள்ளை மான்ஸ்டர் படங்களையும் அவற்றின் அடுத்தடுத்த பாகங்களையும் தேடித் தேடிப் பார்க்கிற என்னைப் போன்றவர்கள் இந்த இரண்டு பாவங்களுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம்? ஏனென்றால் ‘ஐயோ பாவம்’ என்று சொன்ன அதே வாயால்தான் ‘அடுத்த பார்ட் எப்போ?’ என்றும் கேட்கிறோம்.

கேட்டது கிடைத்தது. காற்றாலையின் அடியில் தண்ணீர் இருந்தது, அதில் விழுந்து பிழைத்துக்கொண்டான் என்று 1935இல் ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ தொடங்கியது. அதே இயக்குநர், ஜேம்ஸ் வேல். இந்தப் படத்தில் அவன் பேசக் கற்றுக்கொள்கிறான். அவனுக்காக உருவாக்கப்பட்ட மணமகளும் அவனைப் பார்த்து அலறிவிட, அவன் ஒரு முடிவுக்கு வருகிறான். தன்னை உருவாக்கியவனையும் அவன் மனைவியையும் போகச் சொல்லிவிட்டு, தனக்கும் இவளுக்கும் இடம் சாவில்தான் என்று சொல்லி நெம்புகோலை இழுக்கிறான். கட்டடம் இடிந்து விழுகிறது. முதல் படத்தில் அவனைக் கொன்றார்கள். இரண்டாவது படத்தில் அவனே தன் வாயால் போதும் என்றான்.

நாம் கேட்கவில்லை. 1938இல் ‘டிராகுலா’வையும் ‘ஃபிராங்கன்ஸ்டைனை’யும் சேர்த்து மறுவெளியீடு செய்தபோது கூட்டம் குவிந்தது. யுனிவர்சல் நிறுவனம் 1939இல் ‘சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ எடுத்தது. அதில் அவனுக்குப் பேச்சே இல்லை. போதும் என்று சொன்ன வாயை மூடிவிட்டு ஆளை மட்டும் எழுப்பிக் கொண்டுவந்ததுபோல இருக்கும். அடுத்த படங்களில் கார்லாஃப் போய் வேறு நடிகர்கள் வந்தார்கள். கந்தகக் குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள், பனிக்கட்டியில் உறைய வைத்தார்கள், புதைமணலில் மூழ்கடித்தார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வந்து தோண்டி எடுத்தார்கள்.

இன்னும் மோசமான கதை லாரி டால்பட்டுடையது. 1941இல் வந்த ‘தி வுல்ஃப் மேன்’ படத்தின் நாயகன். ஓநாயிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய்க் கடிபட்டு, தானும் ஓநாய் மனிதனாகி, கடைசியில் தந்தையின் கையாலேயே அடிபட்டுச் சாகிறான். 1943இல் வந்த அடுத்த படம் கல்லறைத் திருடர்களோடு தொடங்குகிறது. அவர்கள் அவனுடைய சவப்பெட்டியைத் திறக்கிறார்கள். முழு நிலவின் வெளிச்சம் உடல்மேல் விழுகிறது. அவன் கை அசைகிறது. அதற்குப் பிறகு அந்தப் படம் முழுக்க அவன் தேடுவது ஒன்றைத்தான்: நிரந்தரமாகச் சாவது எப்படி? அதற்காகத்தான் டாக்டர் ஃபிராங்கன்ஸ்டைனின் குறிப்பேட்டைத் தேடி அலைகிறான். இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திருடர்கள் யார் என்று எனக்குச் சந்தேகமே வருவதில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தான்.

‘அட, இது வெறும் படம்தானே! இல்லாத ஆளுக்கு என்ன வலி?’ என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். லாரி டால்பட்டுக்கு வலிக்காது. நடித்த லான் சேனி ஜூனியருக்கு அது சம்பளம். கற்பனைப் பாத்திரத்துக்குத் துரோகம் செய்ய முடியாது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அவனைப் பற்றியது இல்லை. தகாத துன்பம் ஒருவருக்கு வருவதைப் பார்த்து நமக்குள் எழும் வலிதான் இரக்கம் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். வலி என்றால் அது தீர வேண்டும் என்ற விருப்பமும் கூடவே இருக்க வேண்டும், இல்லையா? பல்வலி இருக்கிறவர் பல்வலி தொடர வேண்டும் என்று ஆசைப்படுவாரா? எனக்கு வந்தது இரக்கம்தான் என்றால், அவன் துன்பம் முடிய வேண்டும் என்று நான் விரும்பியிருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு வாய்ப்பும் கிடைத்தது. 1945இல் வந்த ‘ஹவுஸ் ஆஃப் டிராகுலா’வில் லாரி டால்பட் குணமாகிறான். ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்கிறார். முழு நிலவு வருகிறது, டால்பட் மனிதனாகவே நிற்கிறான். நான்கு வருடமாக அவன் கெஞ்சிக் கேட்டது நடந்துவிட்டது. நியாயப்படி, அவனை நேசிப்பவர்கள் இந்தக் காட்சியைக் கொண்டாட வேண்டும். கொண்டாடினோமா? குணமான டால்பட் கோட் சூட் போட்ட ஓர் ஆள், அவ்வளவுதான். அவனைப் பொம்மையாகச் செய்து அலமாரியில் வைக்க யாரும் ஆசைப்படுவதில்லை. 1948இல் ‘அபாட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற நகைச்சுவைப் படம் வந்தது. அதில் டால்பட் மறுபடியும் ஓநாய் மனிதன். எப்படி என்று படம் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அவன் வந்துவிட்டான் என்ற சந்தோஷம்தான் இருந்தது.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நான் நேசித்தது அவனையா, அவன் காயத்தையா? இது சினிமாவோடு நிற்பதில்லை. சோகப் பாட்டு எழுதுகிற ஒருவர் சந்தோஷமாக ஒரு பாட்டு எழுதினால் ‘பழைய மாதிரி இல்லையே’ என்கிறோம். காதல் தோற்ற நண்பன் தேறி எழுந்து, வேலை, வீட்டுக் கடன் என்று பேச ஆரம்பித்ததும் அவனோடு உட்கார்ந்து பேச முன்பிருந்த ஆர்வம் குறைகிறது. அவன் கஷ்டத்தில் இருந்தபோது நாம் பொய்யாக இரக்கப்படவில்லை. ஆனால் அந்தக் கஷ்டம் தீர்ந்தபோது நமக்குள் ஏதோ ஒன்று ஏமாந்துபோனது. தீர வேண்டும் என்ற விருப்பம் இல்லாத இரக்கத்துக்கு ரசனை என்றுதான் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது.

இதோடு முடித்துவிட்டால் ரசிகர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். எதிர்த் தரப்பில் வலுவான ஒரு சாட்சி உண்டு. 1931இல் காற்றாலையோடு கதை முடிந்திருந்தால், அந்தக் குடிசைக் காட்சி நமக்குக் கிடைத்திருக்காது. ‘பிரைட்’ படத்தில் காயத்தோடு ஓடிவரும் அவன், வயலின் இசை கேட்டு ஒரு குடிசைக்குள் நுழைகிறான். அங்கே பார்வையில்லாத ஒரு முதியவர் தனியாக வாழ்கிறார். ரொட்டி கொடுக்கிறார், படுக்க இடம் கொடுக்கிறார், ‘நண்பன்’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்கிறார். தனக்கு ஒரு துணையை அனுப்பியதற்காக அவர் கடவுளுக்கு நன்றி சொல்லி அழும்போது இவன் கன்னத்திலும் கண்ணீர் வழிகிறது. பார்க்கவே முடியாதவர்தான் அவனுக்குக் கிடைத்த ஒரே நண்பர். நாமோ பார்க்க மட்டுமே வந்தவர்கள். ஆனாலும், நாம் ‘அடுத்த பார்ட்’ கேட்காமல் இருந்திருந்தால் இந்த நட்பும் இருந்திருக்காது. எழுப்பியதால்தான் அவனுக்கு அந்த ஓர் இரவு கிடைத்தது.

1957இல் இந்தப் பழைய படங்களில் 52ஐ ‘ஷாக்’ என்ற பெயரில் ஒரு தொகுப்பாக அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றார்கள். அடுத்த வருடமே இந்தப் படங்களுக்காக ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ என்ற பத்திரிகை தொடங்கியது. படங்கள் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் ராத்திரி கண்விழித்து அவனைப் பார்த்தார்கள். அவர்களெல்லாம் அடுத்தவன் துன்பத்தை ருசி பார்க்க உட்கார்ந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பையன், ‘இந்தத் தடவையாவது யாராவது அலறாமல் இருப்பாங்களா?’ என்று காத்திருந்து பார்ப்பதும் ரசிகத்தன்மைதான். முடிவு தெரிந்த படத்தை அவன் நம்பிக்கையோடு மறுபடியும் பார்க்கிறான். அது இரக்கத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே, எழுப்புவதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். எதற்காக எழுப்புகிறோம் என்று கேட்கலாம். 1935இல் அவனை எழுப்பியவர்கள் அவனுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தார்கள், ஒரு நண்பரைக் கொடுத்தார்கள், முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அவனைக் கொண்டுவந்து காட்டினார்கள். இந்த வித்தியாசம் பார்க்கிற நமக்குள்ளும் இருக்கிறது. ஒரே ஆள் ஒரே ராத்திரியில் இரண்டு விதமாகவும் பார்க்கலாம்.

கடைசியாக ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1954இல் வந்த ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ படத்தின் செவுள் மனிதன். முதல் படத்தில் அமேசான் காட்டு நீர்நிலையில் தன் பாட்டுக்கு வாழ்கிறவன். 1955இல் வந்த இரண்டாவது படத்தில் அவனைப் பிடித்து, ஃபுளோரிடாவில் ஒரு கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தின் தொட்டியில் சங்கிலியால் கட்டிப்போடுகிறார்கள். ஜனங்கள் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்கிறார்கள். 1956இல் வந்த மூன்றாவதில் தீயில் அவன் செவுள்கள் கருகிப்போகின்றன. மருத்துவர்கள் அவனைக் காற்றைச் சுவாசிக்கிறவனாக்கி, உடை மாட்டி, வேலிக்குள் வைக்கிறார்கள். காப்பாற்றினோம் என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். கடைசிக் காட்சியில் அவன் வேலியை உடைத்துக்கொண்டு வெளியேறி, கடற்கரைக்கு வந்து நிற்கிறான். தண்ணீருக்குள் போனால் இனி அவனால் மூச்சுவிட முடியாது. ஆனாலும் கடலை நோக்கி நடக்கிறான். அவன் இறங்குவதைக் காட்டாமலே படம் முடிகிறது.

நான்காவது பாகம் வரவில்லை. ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று எனக்குள் இருக்கும் ரசிகன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவனுக்குப் பதில் கிடைக்காமல் போனதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருக்கிறது.