கல்லறை காணாத சுற்றத்தார்க்குப் புண்ணியம் அளித்தல்



தம்ம மார்க்கத்தைத் தழுவிய நம் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடல் கடந்து சென்று மீண்டு வாராத பாட்டனாரையும், அவர்தம் உடன்பிறந்தாரையும் நாம் எவ்வாறு நினைவுகூர்வது? அவர்கள் இறந்த நாள் தெரியாது. உடலை எவரும் கண்டிலர். திதி கொடுக்கும் வழக்கத்தையோ நாம் விட்டுவிட்டோம். அங்ஙனமாயின் அவர்களை மறந்துவிடுவதா?

தடாவைப் போன்ற எல்லையூர்களில் இக்கேள்விக்கு மேலும் ஒரு முடிச்சு உண்டு. பழவேற்காட்டு ஏரிக்கு அருகிலுள்ள இவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 2022இல் திருப்பதி மாவட்டம் அமைந்தது. புறப்பட்டபோது ஒரே மாகாணத்தாராய்ப் புறப்பட்டவர்களின் சுற்றத்தார் இன்று இரு மாநிலங்களிலும் இரு மொழிகளிலும் பிரிந்து வாழ்கின்றனர். ஆகலின் நினைவும் சிதறிப் போயிற்று.

சென்றவர்கள் யாவர்? 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் சிறைப்பட்டனர். அவருள் ஒரு பகுதியினர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். சேராதவருள் பலர் பசிபிக் மாகடலிலுள்ள நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டு, பசியாலும் நோயாலும் குண்டுவீச்சாலும் மாண்டனர். மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழரோ சயாம் – பர்மா இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள், ஆசியத் தொழிலாளர் பல பதினாயிரவர் காட்டிலே மடிந்தனர்.

இம்மூவகையாரையும் உலகம் ஒரே அளவில் நினைவில் வைக்கவில்லை. கல்லறை அறியப்படாத போர்வீரர் 24,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. தேசிய இராணுவத்தாரை விடுதலை வீரர் என ஏற்று இந்திய அரசு 1972இல் தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தது. இரயில் பாதையில் இறந்த கூலியாட்களுக்கோ பெரும்பாலும் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. வீடுகளிலும் இவ்வேறுபாடு புகுந்ததுண்டு. பதக்கம் பெற்றவர் படம் சுவரிலே ஏறும். கூலியாய்ப் போனவர் பெயரோ பேச்சிலிருந்தே மறையும். பிறப்பாலும் தொழிலாலும் உயர்வு தாழ்வு பாராட்டும் கொடுமையைத் துறந்து வந்த நாம், இறந்தவரிடையே மட்டும் அதனைப் பாராட்டலாமோ?

இனி, போர்வீரரைப் பற்றித் தம்மம் கூறுவதை மறைக்காமல் சொல்ல வேண்டும். யோதாஜீவன் என்னும் வீரர் தலைவன் ஒருவன் பகவானை அணுகி, போர்க்களத்தில் மடிபவன் வானுலகம் புகுவான் என்று எம் ஆசிரியர் கூறுவது மெய்தானோ என்று வினவினான். பகவான் இருமுறை விடை கூற மறுத்தார். மூன்றாம் முறையும் அவன் வற்புறுத்தவே, கொல்லும் எண்ணத்தில் மனம் பதிந்து மடிபவனுக்கு நற்கதி இல்லை என்று அருளினார். அவன் அழுதான். பகவான் கூறிய சொல்லுக்காக அன்று, இத்துணைக் காலமும் ஏமாற்றப்பட்டேனே என்று அழுதான்.

ஆகவே நாம் வீரசுவர்க்கம் பேசுவதற்கில்லை. ஆயினும் நம் முன்னோர்க்குத் தீர்ப்புக் கூறுவதற்கும் இல்லை. பலரைப் படைக்கு அனுப்பியது வறுமையே. இறுதிக் கணத்தில் அவர் மனம் பகையை நினைந்ததோ, வீட்டிலுள்ள மக்களை நினைந்ததோ, யார் அறிவார்? அறியாத இடத்தில் நமக்குரியது கருணையே.

அக்கருணையைச் செயலாக்கும் வழியைப் பிம்பிசார மன்னனின் வரலாறு காட்டுகின்றது. மன்னன் பகவானுக்கும் சங்கத்துக்கும் தானம் அளித்தான்; ஆயின் இறந்த சுற்றத்தாரை நினைந்திலன். அன்றிரவு அவர்கள் அரண்மனைப் புறத்தே நின்று அலறினர். மறுநாள் தானம் அளித்து, இதன் புண்ணியம் என் சுற்றத்தாரைச் சேர்க என்று நீர் வார்த்தபோது அவர்கள் துயர் தீர்ந்தனர். தானம் இரு நாளும் ஒன்றே. நினைந்து அளித்ததே வேறுபாடு.

அன்பர்களே, இதற்குத் திதியும் வேண்டா, புரோகிதரும் வேண்டா. ஒரு பூரணையன்று சீலம் ஏற்று, பசித்தவர்க்கு உணவளித்து, மறைந்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிடின் முறைப்பெயரையேனும் சொல்லுங்கள். சிப்பாயாய்ச் சென்றவராயின் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டைத் தேடுங்கள். அதில் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் குறிக்கப்பட்டுள்ளன. தடாப் பக்கத்தார் நெல்லூர், சித்தூர் என்னும் பழைய மாவட்டப் பெயர்களைக்கொண்டு தேடுதல் நன்று. முதியோர் நினைவிலுள்ளதை இன்றே எழுதி வையுங்கள். அவர்கள் காலமும் கழிகின்றது.

அந்தப் புண்ணியத்தில் எதிர்த்து நின்றவர்க்கும் பங்கு அளியுங்கள். ஜப்பானியப் படையினருள் புத்தர் திருநாமத்தைச் சொல்லி வளர்ந்தவர் பலர். அந்நாமம் மட்டும் அவர்கள் கையைத் தடுக்கவில்லை. பௌத்தர் என்னும் பெயர் பூண்டதனாலேயே நாம் காக்கப்படுவோம் என்று எண்ணாதிருக்க இஃது ஒரு பாடமன்றோ? காப்பது சீலமே.

சயாமின் காஞ்சனபுரியில், போர்க் கல்லறைத் தோட்டத்தை அடுத்து ஒரு பௌத்த விகாரம் உள்ளது. பெயர் அறியப்படாத ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் அங்கே ஒரு தூபியின்கீழ் வைக்கப்பட்டுள்ளன. 2023இல் அவ்விகாரத்திலேயே தமிழ்த் தொழிலாளர்க்கு ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டது. எம்மொழியினர், எச்சமயத்தினர் என்று கேளாமல் அந்த எலும்புகளுக்கு இடமளித்தது அவ்விகாரம். அவ்வாறே நம் இல்லங்களும் சிப்பாயையும் தேசிய இராணுவத்தானையும் கூலியாளையும் ஒருங்கே நினைந்து இடமளிப்பனவாகுக.

மறைந்த சுற்றத்தார் அனைவரும் துயர் நீங்குக! எல்லா உயிரும் பகை ஒழிந்து இன்புறுக!

சாது! சாது! சாது!