ஆண் ஈக்கு என்ன பெயர்?

சீடன்: ஐயா, இங்கிலாந்துத் தோட்டங்களில் பிடித்த இந்த மலர் ஈக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இவற்றை மூன்று சிற்றினம் என்கிறார்களே!

குரு: சிற்றினம் இருக்கட்டும். பேரினம் சிர்பஸ் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?

சீடன்: கருப்பு மஞ்சள் பட்டையை வைத்துத்தான்.

குரு: போச்சு! குளவி வேஷம் போடும் ஈக்கள் இந்தக் குடும்பத்தில் ஏராளம். பறவையை ஏய்க்க வந்த பட்டை உன்னையும் ஏய்த்துவிட்டது. இறக்கை அடியில் சிறு மடல் இருக்கிறதே, அதன் கீழ்ப்பகுதியின் மேற்பரப்பில் நீண்ட மயிர் நிற்கிறதா?

சீடன்: நிற்கிறது, மஞ்சளாக.

குரு: அதுதான் சிர்பஸின் பொது இயல்பு. இனிச் சிறப்பு இயல்பு. கண்ணில் மயிர் இருந்தால் டார்வஸ். பெண்ணுக்கு அது குட்டையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். கண் வழவழவென்றிருந்தால் ரிபேசி அல்லது விட்ரிபென்னிஸ். பெண்ணின் பின்னந்தொடை முழுக்க மஞ்சள் என்றால் ரிபேசி, பெரும்பகுதி கருப்பென்றால் விட்ரிபென்னிஸ்.

சீடன்: என் கையில் இருப்பது ஆண். கண் வழவழப்பு, தொடை கருப்பு. ஆகவே விட்ரிபென்னிஸ்.

குரு: அவசரப்படாதே. ஆணுக்கு இரண்டிலுமே தொடை கருப்புதான்.

சீடன்: அப்படியானால் ஆண்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றென்று விட்டுவிடலாமே. தெரியாத வேற்றுமையை உண்டென்று சொல்வானேன்?

குரு: உனக்குத் தெரியாவிட்டால் ஈக்கென்ன வந்தது? லின்னேயஸ் ரிபேசிக்குப் பெயரிட்டது 1758இல். மைகன் விட்ரிபென்னிஸுக்குப் பெயரிட்டது 1822இல். நடுவில் 64 ஆண்டும் அது பெயரில்லாமல் பறந்துகொண்டுதான் இருந்தது. இறக்கையை நுண்ணோக்கியில் வை. அடிப்பகுதியில் இரண்டாம் அறை. அங்கே பொடிமயிர் எப்படி?

சீடன்: முக்கால்வாசி இடத்தில் இருக்கிறது. ஓரம் வழுக்கை.

குரு: விட்ரிபென்னிஸ். ரிபேசிக்கு அறை முழுக்க மயிர் படர்ந்திருக்கும்.

சீடன்: தொடை நிறம் கைவிட்டதும் மயிரைப் பிடித்துக்கொண்டோம். மயிர் மட்டும் பொய் சொல்லாதா?

குரு: கேட்டாயே, அதுதான் கேள்வி. நிறம் குளிருக்கும் சூட்டுக்கும் வளைந்துகொடுக்கும். எபிசிர்பஸ் பால்டியேட்டஸ் என்ற ஈயின் கூட்டுப்புழு குளிரில் வளர்ந்தால் ஈ கறுத்து வரும். மயிரும் தனியாக நின்றால் வேதவாக்கில்லை. ஆனால் பெண்களைப் பார்: மஞ்சள் தொடைக்காரிக்கு அறை முழுக்க மயிர், கருந்தொடைக்காரிக்கு வழுக்கை. ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள் ஒரே சொல் சொல்கின்றன. அந்த பலத்தில்தான் ஆணிடம் ஒரு சாட்சியை மட்டும் ஏற்கிறோம்.

சீடன்: இதை உலகமெங்கும் செல்லுபடியாகும் விதி என்று கொள்ளலாமா?

குரு: முடியாது. வட அமெரிக்காவில் ரெக்டஸ் என்று இன்னொரு சிற்றினம் உண்டு. அதன் பெண்ணுக்குத் தொடை மஞ்சள், அறையிலோ வழுக்கை. அதன் ஆணையும் விட்ரிபென்னிஸ் ஆணையும் உருவத்தை வைத்துப் பிரிக்க வழியில்லை.

சீடன்: அங்கே பிடித்த ஆணுக்கு?

குரு: இரண்டு பெயரையும் எழுதி நடுவே ஒரு கோடு போடு.

சீடன்: அது ஐயமாயிற்றே! ஐயத்தை அறிவென்று ஏட்டில் ஏற்றுவதா?

குரு: ஐயத்தை ஐயமென்றே ஏற்று. துணிந்து ஒரு பெயரை எழுதினால் அது திரிபு. அதை நம்பிப் பின்னால் வருகிறவன் வரைபடமே போட்டுவிடுவான்.

சீடன்: ஊர் பெயரே எழுதாத சீட்டோடு ஓர் ஆண் வந்திருக்கிறது, ஐயா. அதற்கும் வழுக்கை.

குரு: அதற்கும் அதே கோடுதான். அனுப்பியவனைக் கூப்பிட்டு எங்கே பிடித்தான் என்று முதலில் கேள்.