அன்பினால் செய்யும் அநியாயம்



வயோதிகப் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை. இதில் யாருக்கும் ஐயமில்லை. நான்காம் கற்பனையோ அவர்களைச் சங்கிக்கும்படியும் கேட்கிறது. வேளைக்குச் சோறு, மாத்திரை, துவைத்த துணி, ஓர் ஓரத்தில் கட்டில்: இவ்வளவோடு சங்கித்தல் முடிந்துவிடுமா?

"நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருங்கள்" என்று நாம் எவ்வளவு பிரியமாய்ச் சொல்லுகிறோம்! மாமியார் ஆய்ந்துகொண்டிருக்கும் கீரையை மருமகள் வாங்கிக்கொள்ளுகிறாள். தகப்பனார் சட்டைப் பொத்தானோடு சிரமப்பட்டால் மகன் ஓடிவந்து போட்டுவிடுகிறான். எல்லாம் நல்லெண்ணத்தோடுதான். ஆயினும், 40, 50 வருஷம் ஒரு குடும்பத்தைத் தாங்கிய கைகளுக்கு இனி வேலையில்லை என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை உண்டா?

மருத்துவத்தில் இந்தக் கவலையையே தன் வேலையாகக் கொண்ட ஒரு பிரிவு உண்டு. அதை ஆக்குபேஷனல் தெரபி என்பார்கள். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை எனலாம். தொழில் என்றதும் சம்பளத்திற்குச் செய்யும் வேலை என்று எண்ணிவிட வேண்டாம். குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, கடைக்குப் போவது, பேரனுக்குக் கதை சொல்வது ஆகிய அன்றாடக் காரியங்கள் யாவும் இங்கே தொழில்தான். 1917-ல் அமெரிக்காவில் இதற்கென ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. நம் நாட்டில் 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் அம்மையார் இதைக் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார்.

இச்சிகிச்சையாளர் முதியவரிடம், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பதோடு நிற்பதில்லை. "எதைத் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்றும் கேட்கிறார். பிறகு அதற்கு வழி தேடுகிறார். பக்கவாதத்தால் ஒரு கை பலவீனமானவருக்கு, சட்டையை அக்கையில் முதலில் மாட்டவும், கழற்றும்போது அக்கையைக் கடைசியில் எடுக்கவும் பழக்குகிறார். விரல் மடங்காதவருக்குக் கரண்டிக் காம்பைத் தடிமனாக்கித் தருகிறார். தரையில் அரிவாள்மணையோடு உட்கார இயலாதவருக்கு மேசையருகே நாற்காலியிட்டுக் காய் நறுக்க வழிசெய்கிறார். ஞாபகம் குன்றியவருக்கு ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாய்ப் பிரித்து, ஒவ்வொன்றாய் நினைவூட்டுகிறார்.

"எப்படியாவது பொழுது போனால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்து, 1997-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்லுகிறது. 60 வயதும் அதற்கு மேலுமான 361 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதற் பிரிவினருக்கு 9 மாத காலம் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் துணைநின்றார்கள். பஸ் ஏறிப் போய்வருவது, வீட்டில் ஆபத்தின்றி நடமாடுவது, தமக்கு முக்கியமான காரியங்களுக்கு நாளில் இடம் வைப்பது என்பவற்றை அவர்களே யோசித்துச் செய்யப் பழகினார்கள். இரண்டாம் பிரிவினர் கூடிப் பொழுதுபோக்கினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. முடிவில் முதற் பிரிவினரே உடலிலும் மனத்திலும் மேலான நிலையில் இருந்தார்கள். கூடிப் பொழுதுபோக்கியவர்களோ, ஒன்றுமில்லாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை அடையவில்லை! பெற்றோரை டெலிவிஷன் முன் உட்காரவைத்ததோடு கடமை தீர்ந்தது என்றிருப்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

"விழுந்துவிட்டால் என்ன செய்வது?" இது நியாயமான பயம். முதுமையில் இடுப்பெலும்பு முறிவது சாதாரண காரியமல்ல. ஆனால் அசையாமலிருப்பதும் ஆபத்தே. பயன்படாத தசை மெலிகிறது. மெலிந்த கால் தடுமாறுகிறது. ஆகையால் குளியலறையில் கைப்பிடிக் கம்பி வையுங்கள். தரை வழுக்காமலும், இரவில் வெளிச்சம் இருக்கவும், காலில் எதுவும் இடறாமலும் பாருங்கள். அதன்பின்னும் சிறிது அபாயம் எஞ்சுமானால், அதை ஏற்பதா வேண்டாமா என்பதில், புத்தி தெளிவாயுள்ள முதியவரின் சொல்லுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

இதைச் சாக்காகக் கொண்டு வீட்டு வேலை முழுவதையும் பாட்டியின் தலையில் கட்டுவதும் அநியாயமே. அவர் விரும்பும் வேலை, அவரால் இயலும் அளவு, இதுவே முறை. படுக்கையை விட்டு எழ இயலாதவருக்கும், கஞ்சியா இட்டிலியா, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிக்கும் உரிமையாவது இருக்கட்டும்.

உண்மையைச் சொன்னால், நாம் ஓடிப்போய்ச் செய்யும் உதவிகளில் பல அவர்களுடைய தேவைக்காக அல்ல, நம்முடைய அவசரத்திற்காகவே. தகப்பனார் தாமே பொத்தான் போட 5 நிமிஷம் ஆகலாம். அந்த 5 நிமிஷத்தை அவருக்குக் கொடுங்கள். நாம் முதன்முதல் பொத்தான் போடப் பழகியபோது, பக்கத்தில் நின்று பொறுமையாய்க் காத்திருந்தவர்கள் அவர்களே அன்றோ?